அக்கா நின்ற இடத்தில் சிவப்புத் திரை

உங்கள் படம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, டீச்சர். பள்ளிக்கூடத்தை வாங்கியவர்கள் காலையில் ஒரு மினி வேனில் அனுப்பியிருந்தார்கள். ஆள் உயரப் படம். உள்ளே கொண்டுவர வாசல் கதவின் இரண்டு பக்கமும் திறக்க வேண்டியிருந்தது. கூடத்தில் சாய்த்து வைத்ததும் எண்ணெய் வண்ணத்தின் பழைய வாடை கிளம்பியது. முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் நீங்கள் இடத்தை அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பெற்ற தாயை டீச்சர் என்று அழைப்பது கேட்பவர்களுக்கு விநோதமாக இருக்கும். பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அக்காவும் நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றீர்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நீங்கள் திருத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த நர்சரிப் பள்ளி, திண்டுக்கல்லில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறையும் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும்தான். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது முழுக்க அக்கா. நீங்கள் பிரம்போடு வராந்தாவில் நடந்தீர்கள். ஒரு கோடை விடுமுறையில் சினிமா பேனர் வரைபவரை அழைத்து உங்களை வரையச் சொன்னீர்கள். பட்டுச்சேலையில் நாற்காலியில் நீங்கள். வலக்கை ஒரு பூகோள உருண்டையின் மேல். பள்ளியில் உருண்டையே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே மூன்று மாடிக் கட்டடம்; அதுவும் கிடையாது. நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி பின்னால் அக்கா.

"டீச்சர், செத்த நேரம் சிரிச்ச மாதிரி இருங்க."

"சிரிச்சா பிள்ளைக எப்படிய்யா பயப்படும்?"

"அப்பக் கையில செங்கோலு மட்டுந்தேன் பாக்கி" என்றார் அவர். அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

படத்தை அட்மிஷன் அறையில் மாட்டினீர்கள். நீங்கள் வராத நாட்களில் பிள்ளைகள் படத்துக்குக் குட்மார்னிங் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அப்போது நான் நூலகத்தில் அரசர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு அரசன் ஒருவனின் படத்துக்கு யாரும் முதுகு காட்டக் கூடாதாம். கிழவியான பிறகும் தன்னை இளம்பெண்ணாகவே வரையவைத்த ஒரு ராணி, பிடிக்காத படங்களை அழிக்கச் சொன்னாளாம். போரில் கடைசிவரை பிடிக்க முடியாத எதிரியின் தலையை அம்பால் துளைப்பதுபோலத் தன்னை வரையச் சொன்னார் ஒரு முகலாயப் பேரரசர். சாப்பிடும்போது இதையெல்லாம் உளறுவேன். நீங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் யாரையும் நீங்கள் படிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அக்காவுக்குச் செம்பட்டி அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதை நீங்கள் துரோகம் என்றீர்கள்.

"என் பள்ளிக்கூடம் வேணாம்னு போறவளுக்கு இந்தச் சுவத்துல என்ன வேலை?"

அவள் போன மறுவாரமே பேனர்காரர் வந்தார். தூரிகையை வைத்துக்கொண்டு தயங்கினார். "ஆள மறைச்சுர்றேன் டீச்சர். அந்த எடத்துல என்னத்தப் போட? தூணா, பூந்தொட்டியா?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீதேன் ராசா கதையாப் படிக்கிறியே. அவுக படத்துல பின்னாடி என்னடி இருக்கும்?"

எனக்குப் பதினாறு வயது. அதற்கு முன் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"சிவப்புத் திரைச்சீலை" என்றேன். "மேலேருந்து மடிப்பு மடிப்பாத் தொங்கும். ஓரத்துல தங்கக் குஞ்சம்."

ஒரே மாலையில் அக்கா காணாமல் போனாள். "நல்லா இருக்குடி" என்றீர்கள். நீங்கள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

சான்றிதழ்களை எடுத்துப்போகப் பள்ளிக்கு வந்தபோது அக்கா அதைப் பார்த்தாள். "யாரு போடச் சொன்னது?" என்று என்னிடம் கேட்டாள். "டீச்சர்தான்" என்றேன். அதன்பின் யார் விசாரித்தாலும் "எனக்கு ஒரே மக" என்றீர்கள் நீங்கள். செம்பட்டி அரைமணி நேர பஸ் பயணம். உங்கள் சாவு வரைக்கும் அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நான் போகும்போதெல்லாம் சோறு போட்டாள், வேலையைப் பற்றிக் கேட்டாள். படத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

இன்று மதியம் வந்தாள். படத்தின் முன்னால் இருவரும் நின்றோம். நான் சொல்லிவிட்டேன். திரையும் குஞ்சமும் நான் சொன்னவை என்று.

"தெரியும்டி" என்றாள். "வருகைப் பதிவேட்டத் தவிர அவுக எதை வாசிச்சாக? அவுகளுக்குக் குஞ்சம் எங்கிட்டுத் தெரியும்?"

"அப்ப ஏங்க்கா இம்புட்டு வருசமாக் கேக்கல?"

"ஒரு தடவ கேட்டேன்ல."

அவ்வளவுதான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

இது உங்களை மன்னிக்க எழுதும் மடல் அல்ல, டீச்சர். அக்காவைச் சுவரிலிருந்து விரட்டியது நீங்கள்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முகத்தில் நமக்குள் ஒற்றுமையே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதில் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் கூடப் பிறந்தவளை மறைக்க என்ன போடலாம் என்று கேட்டதும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பதில் சொன்னேனே, அந்தக் குணம் உங்களுடையது. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.