பனிமலைக்கு முன்னால் நீ கொடுத்த வேலை

இன்று காலை பஸ் நிலையத்தில், கண்ணமங்கலம் போகிற புது மினி பஸ் ஒன்றுக்குப் பூஜை போட்டார்கள். கற்பூரப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் குளிரெடுத்தது. சித்திரை வெயிலில் அலாஸ்காவை நினைத்து நடுங்குகிற ஆள் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் மகள் உனக்கும் உன் மனைவிக்கும் ஏற்பாடு செய்த அலாஸ்காக் கப்பல் பயணம் அது. தண்ணீர் மேல் படுத்துத் தூங்க மாட்டேன் என்று உன் மனைவி மறுத்துவிட்டதால் அந்த இடத்துக்குச் சிநேகிதன் நான் வந்தேன். ஐம்பது அறுபது பேர் போகிற சின்னக் கப்பல். பூஜை போடாத வண்டியில் நீ ஏறியதே இல்லை. உன் பட்டுச்சேலைக் கடைக்கு வாங்கிய சைக்கிளுக்குக்கூட எலுமிச்சம்பழம் நசுக்கியவன். ஆகவே நம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கப்பலுக்குக் கற்பூரம் காட்டினாய். கப்பல் உடனே அருள் புரிந்தது. எல்லாத் தளங்களிலும் அபாய மணி அடித்தது. மொத்தப் பயணிகளும் மிதவைச் சட்டையோடு மேல்தளத்தில் கூடினார்கள். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று கேப்டன் அம்மாளுக்கு நீ விளக்கினாய். அதன்பின் உன் தீப்பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது.

மறுநாள் ரப்பர் படகில் பனியாற்றைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். மிதந்த பனிக்கட்டிகள் மேல் கடல்நாய்கள், கல்யாணச் சாப்பாடு முடிந்த மாப்பிள்ளை வீட்டாரைப் போல் உருண்டு கிடந்தன. இந்தப் பனிச்சுவரின் நீலம் நம் ஊர்ச் சாயப் பட்டறையில் வராது என்று நீ குறைபட்டுக்கொண்டிருந்தபோதே, அந்த நீலத்தில் ஒரு பக்கம், கோபுர உயரத்துக்கு, ஓசையே இல்லாமல் கழன்று இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. அலை அதற்கும் பிறகு.

படகோட்டிய பெண் அலைக்கு நேராகவே படகைத் திருப்பினாள். அதுதான் முறையாம். நம் இருவருக்கும் நீச்சல் தெரியாது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எனக்கு எதுனா ஆச்சுனா வீட்ல அவளுக்குப் போன்ல சொல்லிடாத. நேர்ல போயி சொல்லு. பயந்துக்குவா."

"நானும் உன்கூடத்தான்டா முழுகிகினு இருப்பேன்."

"அதெல்லாம் தெரியாது. நீதான் சொல்லணும்."

படகு செங்குத்தாக ஏறி, இறங்கியது. நனைந்ததோடு சரி. கப்பலுக்குத் திரும்பியதும் கற்பூரத்தின் மகிமையைப் பற்றி, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் பேசினாய்.

போன ஐப்பசியில் களம்பூரில், நெல் லாரிகளுக்கு நடுவே நாம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அலை எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும் கூட வந்தவர்கள் போனை எடுத்தார்கள். தடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். உன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நின்றபோது வந்த பயத்துக்கு அந்தப் பனிமலை உறை போடக் காணாது.

உன் மனைவி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா. அவரு பின்னாடி வந்துகினு இருக்காரா?"

சொன்னேன். எந்த வார்த்தைகளில் என்று நினைவில்லை.

இப்போதெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: "ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான் வந்தேன்."