துப்பாக்கிப் பெட்டியின் சாவி

மார்ச் 4, செவ்வாய்

கால்நடை மருத்துவர் எல்லா மாட்டுக்கும் கழுத்தில் ஊசி போட்டுப் போனார். காசநோய்ச் சோதனை. வெள்ளிக்கிழமை வந்து தடவிப் பார்ப்பார். ஊசி போட்ட இடம் தடித்திருந்தால் அந்த மாடு போச்சு. தம்பி கெத்தின் இப்போதே தொழுவத்தில் நின்று ஒவ்வொரு கழுத்தாகத் தடவுகிறான். "தடவினா அமுங்கிப் போயிடுமாடா?" என்றேன். கையை எடுக்கவில்லை.

மார்ச் 7

ஆறு மாடு. செரெனும் அதில் ஒன்று. நிறைசினை, வண்டியில் ஏற்றக் கூடாதாம். இங்கேயே சுடுவார்களாம். நோயைப் பரப்பும் காட்டு வளைக்கரடியை நான் தொட்டால் குற்றம், என் மாட்டை அவர்கள் சுட்டால் சட்டம். கார்டிஃப் அரசு அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? பள்ளிக்கூடம் அதிகம் போகாத நான் இந்த நோயைப் பற்றிப் படித்ததில் கால்வாசி படித்திருப்பானா?

மார்ச் 10

சுட்டார்கள். வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. கெத்தின் கயிற்றை விடாமல் நின்றான்.

மார்ச் 12

பால் கறக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தம். கறவை நேரமே இல்லை. போய்ப் பார்த்தால் கொட்டகையில் ஒரு மாடு கூட இல்லை. கெத்தின் மட்டும் நிற்கிறான்.

"என்னடா இது?"

"சத்தம் கேக்கணும் போல இருந்துச்சுண்ணே."

இயந்திரத்தை நானே நிறுத்தினேன்.

மார்ச் 13

டாக்டரிடம் போகச் சொல்லி அவன் மனைவி மேனிர் கெஞ்சினாள். மாட்டான். மனசு சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் போலீஸ் துப்பாக்கி உரிமத்தைப் பிடுங்கும். துப்பாக்கியைப் பறிகொடுத்தவனை இந்தப் பள்ளத்தாக்கில் யார் மதிப்பார்கள்? "போகாதே" என்றுதான் நானும் சொன்னேன்.

மார்ச் 15

என்னைக் கேட்காமல் மேனிர் விவசாயிகள் உதவிச் சங்கத்துக்குப் போன் செய்திருக்கிறாள். டெலித் என்று ஒருத்தி வந்தாள். வாசலிலேயே பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பண்ணைக்காரி. பால் கறக்க ஆள் அனுப்புகிறாளாம்.

"என் கொட்டகையில வெளியாள் கால் வைக்க முடியாது" என்றேன்.

"அவன் கால் வைக்கட்டும் பெரியவரே, கறக்கிறது கையாலதான்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு கேட்டாள்: "துப்பாக்கிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் அசையவில்லை. "உங்க தம்பிகிட்டயும் நேராக் கேட்டேன். சாகணும்னு தோணுதான்னு. 'இல்லை'ன்னு சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

மேனிர் அழுதாள். "பெரியத்தான், உங்க ரோஷம் எனக்கு வேணாம். அவரு வேணும்."

மார்ச் 16

காலையில் மேல் வயலுக்குப் போன கெத்தின் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஆனால் சாவி இரண்டு, ஒன்று அவனிடம். நாளைக்கு? நாளன்றைக்கு? ஐயோ, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

வந்தான். வேலி கட்டினேன் என்றான். கையில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை.

மார்ச் 17

துப்பாக்கிகளை எல்லாம் டவுனில் துப்பாக்கி விற்கும் கடைக்குக் கொண்டுபோனேன். போவதற்கு முன் கெத்தினிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தன் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"ரிப்பேரா?" என்றான் கடைக்காரன்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்லப்பா. வீட்ல தம்பிக்கு மனசு சரியில்ல. வெச்சுக்க."

"உங்களுது மட்டும் இல்ல" என்றான். பின்கதவைத் திறந்தான். சுவர் நெடுக துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் பண்ணைப் பெயர் எழுதிய அட்டை. பாதிப் பெயர்கள் எனக்குத் தெரிந்தவை. தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவனுடையதும் தொங்கியது.

மார்ச் 19

கெத்தின் டாக்டரிடம் போனான். வண்டியை நான் ஓட்டினேன்.

மார்ச் 24

நரி ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிட்டது, சுடத் துப்பாக்கி இல்லை. சங்கத்து ஆள் பால் கறந்துகொண்டிருக்கிறான், மடியை மெதுவாகத்தான் தொடுகிறான். கெத்தின் இன்னும் தூங்குகிறான். குறட்டை இங்கே கேட்கிறது.