ரவி கோர்ட்டில் பேசிவிட்டான்

செல்லூர்,
18.3.1999

அன்பு மகள் இந்துப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் மாத்திரை தவறாமல் நலம், உன் அண்ணன் ரவிசங்கர் மாத்திரை தவறினாலும் தவறாவிட்டாலும் ஒரே மாதிரி நலம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை. குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், வெந்நீர் மட்டும் கொடு.

நஷ்ட ஈட்டு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பஸ் மோதித் தலையில் அடிபட்டதிலிருந்து ரவிக்குத் தமிழ் போய், வீட்டில் பேசும் நம் சௌராஷ்டிர பாஷை மட்டும் தங்கியது உனக்குத் தெரியும். பெரிய டாக்டர் இது அபூர்வம் என்று மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார், நாங்களும் கொஞ்சம் பெருமைப்பட்டோம். நம் வக்கீல் கருத்தக்கண்ணனுக்கு அதைவிடச் சந்தோஷம். ஜட்ஜ் தமிழில் கேட்பார், இவன் விழிப்பான், பேச்சே போய்விட்டது என்று எழுதிக்கொள்வார் என்று கணக்குப் போட்டார். "அண்ணே, கேஸ் முடியிற மட்டும் வீட்ல யாரும் அவருகிட்ட உங்க பாஷை பேசாதீங்க, அம்புட்டுதேன், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். அதை ரவியிடம் நம் பாஷையில் விளக்கினேன். அவனிடம் நம் பாஷையில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். ஆடியிலிருந்து ஏழு மாதம் வீட்டில் தமிழ். முதல் மாதம் பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டான். உன் அம்மா சோறு போடும்போது இரண்டு சொல் நழுவவிடுவாள், நான் கண்டிப்பேன். வக்கீல் ஒருநாள் வந்து பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார்.

மாசியில் விசாரணை. ஜட்ஜ் கேட்டதற்கெல்லாம் ரவி மின்விசிறியைப் பார்த்தான், மிக நன்றாகச் செய்தான். இன்சூரன்ஸ்காரர்களின் வக்கீல் சூடாமணி என்று ஒரு சின்னப் பெண். கல்யாணத்துக்கு ஏழு தலைமுறை விசாரிக்கிற நாம் இவள் யார் வீட்டுப் பெண் என்று விசாரிக்கவில்லை, நம் ஜனத்தில் ஒரு பெண் கறுப்புக் கோட்டுப் போடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டீர்களா அண்ணா என்று நம் பாஷையில் கேட்டாள். ரவி அழுதான், பிறகு பேசினான், நிறுத்தவே இல்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று ஜட்ஜ் என்னையே கூப்பிட்டார். மாற்றிச் சொன்னால் அந்தப் பெண் பிடித்துவிடுவாள், ஆகவே ரவி சொன்னதை அப்படியே சொன்னேன். நாலு தறியைத் தனியாக ஓட்டுகிறான் என்றேன். இன்று காலையிலும் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டுத்தான் வந்தான் என்றேன். கேஸுக்காக நம் பாஷையில் பேசக்கூடாது என்று இவனுடைய அப்பா சொல்லியிருக்கிறார் என்பதையும் நானே சொன்னேன். காலையில் சாப்பிட்டதை மறக்கிறவன், இதை மறக்கவில்லை. இரண்டு வருடமாகத் தறிப்பக்கமே போகாதவன் ஐயா, சட்டைப் பொத்தானையே நான்தான் போட்டுவிட்டேன் என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். உங்களை மொழிபெயர்க்க மட்டும்தான் கூப்பிட்டேன் என்றார் ஜட்ஜ்.

நேற்றுத் தீர்ப்பு. பேச்சு நன்றாயிருக்கிறது, தொழிலும் நடக்கிறது, ஆஸ்பத்திரிச் செலவில் பாதி போதும். விசாரணை நாளிலிருந்து ரவி தினமும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, மறுபடி எப்போது கோர்ட் என்று கேட்கிறான். அந்தப் பெண்ணைத் தங்கை என்கிறான். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே.

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போடுகிறோம். மறுபடி டாக்டர் பரிசோதனை இருக்குமாம், "மூணு வருஷம் ஆகும்ணே, அதுக்குள்ள உங்க பாஷையையும் மறந்துருவாரு" என்று கருத்தக்கண்ணன் தைரியம் சொல்கிறார். தீர்க்காயுசாய், குறை ஒன்றும் இல்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது மணி அடித்ததும் அவன்தான் ஓடிப்போய் எடுப்பான். தமிழில் பேசு. சாப்பிட்டாயா என்றுகூட நம் பாஷையில் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
பத்ரிநாத்