மனைவிக்குப் பிடித்த நிறம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடுங்க.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வருவார். மறந்துட்டேன்னு நீங்க சாதிக்கிற அந்த அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே, ஒரு பென் டிரைவைச் சொருகி, டீ ஆறுறதுக்குள்ள உள்ள போயிடுவாராம். போன்ல அவ்வளவு அலட்சியமா சொல்றார். அப்போ நாம போட்ட பூட்டு யாருக்கு? நான் டைப் பண்ணிக் கொடுக்கிற, டாக்டரோட நோயாளிங்க விவரமெல்லாம் அதுலதான் கிடக்கு. அவர் கிளம்புற வரைக்கும் பக்கத்துலயே உட்காருங்க. டீ போடக்கூட எழுந்திரிக்காதீங்க, ஃபிளாஸ்க்ல வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. காலையில நானே முயற்சி பண்ணினேன். தப்பா அடிச்சதும் நீங்க எழுதி வெச்ச குறிப்பு திரையில வந்துச்சு: "மனைவிக்குப் பிடித்த நிறம்". பச்சைன்னு அடிச்சேன். திறக்கல. எனக்குப் பச்சைதான் உயிருன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் வாய்க்கு வந்த நிறத்தையெல்லாம் அடிச்சுப் பார்த்தேன், ம்ஹூம். நேத்து ரிப்பேர்காரரைக் கூப்பிடலாம்னு சொன்னதும் உங்க முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி ஆச்சு? அது யாருக்குப் பிடிச்ச நிறம்?

அவர் போனப்புறம் வெளிய கிளம்பினா, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

மறந்துட்டேன்: அவர் பழைய பாஸ்வேர்டை அழிச்சுட்டுப் புதுசுதான் போடுவாராம். பழசு என்னன்னு அவருக்கும் தெரிய வராதாம். அதனால அவர் வர்றதுக்குள்ள ஞாபகம் வந்தா, இந்தச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வைங்க. கம்ப்யூட்டர் எப்படியும் திறந்துடும். எனக்குத்தான் தெரியணும்.