ஹான்லன் சுவாமியின் மெட்டு

1989 மார்ச் 5, ஞாயிறு

எல்லாம் நான் முதலே சொன்னதுதான். லூயிஷாம் பப்பில் ஞாயிறு மத்தியானம் கூடி வாசிக்கிற ஐரிஷ்காரர்கள் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நடுவில் இருத்துவார்கள் என்று என் மனுசி டொலறசிடம் போன நத்தார்ப் பண்டிகைக்கே சொன்னேன். "கிளாஸ் பொறுக்கப் போற ஆளை ஆரப்பா நடுவில இருத்துறது?" என்று சிரித்தாள். இனிச் சிரிக்கட்டும், பார்ப்போம்.

பூசை முடிந்து வந்தவர்களால் பப் நிறைந்திருந்தது. நான் வெற்றுக் கிளாசுகளை அடுக்கிக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுத்தேன். பிடில்கார மார்ட்டின் வில்லைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டி இடுப்பு முறிந்த கிழவன். அந்த வட்டத்துக்கு அவன்தான் ராசா. "ஜெசி, அதைத் திரும்பப் பாடு." யேசுரட்ணம் என்பது அவன் வாயில் நுழையாது.

பாடினேன். மூன்று மூன்றாய்த் துள்ளி ஓடுகிற மெட்டு. அவர்கள் ஜிக் என்பார்கள்; எங்கள் கல்யாண வீட்டுப் பைலாவும் அதே ஓட்டம்தான். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புது மெட்டு என்றால், யாருடைய கையிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வாசிப்பார்கள். நான் சொன்னேன்: அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த பாதிரியார் ஹான்லன் சுவாமி என் அப்பாவுக்குப் பழக்கியது. சுவாமி ஆறரை அடி. புல்லாங்குழலை அங்கிக்குள் வைத்திருப்பார். எங்கள் குருநகர்க் கரையில் நின்று ஊதினால் மீன் தானாக வலைக்கு வரும்.

மார்ட்டின் தொப்பியைக் கழற்றினான். எனக்கு நாற்காலி வந்தது. அடுத்த ஞாயிறு என் மண்டலினோடு வரச் சொல்லியிருக்கிறான்.

1989 மார்ச் 6

டொலறஸ் கேட்கிறாள்: "எந்த ஹான்லன் சுவாமி? நானும் குருநகர்தானே." அவர் உன் காலத்துக்கு முந்தியவர் என்று சொல்லிவிட்டேன்.

1989 ஜூன் 18, ஞாயிறு

டெக்லன் என்றொருவன் வந்தான். லண்டன் ஐரிஷ்காரர்களின் மெட்டுகளைப் பதிந்து கசெட் போடுகிறவன். சுவாமியின் கதையைக் கேள்விப்பட்டே வந்தானாம். சொல்லச் சொல்ல எனக்குச் சுவாமியின் வெள்ளைக் குதிரையும் ஞாபகத்துக்கு வந்தது. டெக்லன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

பதிகிற நேரம், "மண்டலின் இல்லாமல் ஒருக்கால் பார்ப்பம்" என்றான். அந்த ஒருக்கால்தான் பதிவானது. நான் அங்கே நின்றால் கிளாஸ் சத்தம் கேட்கும் என்று கீழே பீர்ப் பீப்பா வைக்கிற அறைக்கு அனுப்பினார்கள். மேலே அப்பாவின் மெட்டு ஓடுகிறது, கீழே நான் பீப்பாவில் குந்தியிருக்கிறேன். பரவாயில்லை. இப்படிப்பட்ட வேலைக்குப் பொறுப்பான ஒரு ஆள் கீழேயும் வேண்டும்தானே. கசெட்டில் பேர் வரும். அதுதான் முக்கியம்.

1990 பெப்ரவரி 4, ஞாயிறு

கசெட் வந்துவிட்டது. "ஹான்லன் சுவாமியின் ஜிக். மிஷனரி ஒருவர் கிழக்கே கொண்டுபோன பழைய கிளேர் மெட்டு. லண்டனில் மீண்டும் கிடைத்தது." அவ்வளவுதான். என் பேர் இல்லை. அப்பாவின் பேரும் இல்லை.

மார்ட்டினிடம் போய்க் கேட்டேன், செபஸ்தியாம்பிள்ளை என்று அப்பாவின் பேரையும் போட்டால் என்ன என்று. அவன் என் தோளில் கை வைத்தான். "கொப்பர் அதைப் பத்திரமா வச்சிருந்தார், ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும். ஆனா மெட்டு சுவாமின்ர. நீதானே சொன்னாய்?"

பக்கத்தில் இருந்த கிளேர்க் கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தன் தாய் அடுப்படியில் இதைத்தான் பாடுவாளாம். பொய்! பச்சைப் பொய்! எப்பிடித்தான் மனுசருக்கு இப்பிடிக் கூசாமல் வாய் வருகுதோ!

1990 ஜூலை 9

குருநகரில் ஷெல் விழுகிறதாம். அங்கே இருக்கிற அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நேற்றும் போய் வாசித்தேன் — விரல் ஓடவில்லை.

1991 செப்டம்பர் 22

அப்பா ஹீத்ரோவில் வந்து இறங்கிவிட்டார். பாதியாய் மெலிந்துபோனார், வாய் மட்டும் குறையவில்லை. விசா எடுத்ததில் நான் பட்ட பாட்டுக்கு எனக்குச் சிலை வைக்கலாம்.

கசெட்டைப் போட்டேன். மேசையில் தாளம் போட்டார். "ரெண்டாம் வளைவைக் கெடுத்துப்போட்டாங்கள். எண்டாலும் அது என்ர கைதான்ரா." பிறகு மட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"உங்கட பேர்" என்றேன்.

1991 அக்டோபர் 6, ஞாயிறு

பப்புக்குக் கூட்டிப்போ என்று ஒரே பிடிவாதம். குளிர் என்றேன், பஸ் இல்லை என்றேன். டொலறஸ் அவருக்குக் கோட்டைப் போட்டுவிட்டாள்.

மார்ட்டின் தன் நாற்காலியையே கொடுத்தான். மெட்டை வாசித்து முடித்து, எல்லாரும் கேட்க, "ஐயா, இது ஆரின்ர கையிலயிருந்து வந்தது?" என்றான். அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் எழும்பி நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"என்ர கையால. கலியாணத்துக்கு முதல் நாள் தையல் மிசினை மிதிச்சு மிதிச்சுக் கட்டினனான். மிசின்ர ஓட்டந்தான் அது. சொல்லடா அவங்களுக்கு."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். டெக்லனும் நின்றான்.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "ஹான்லன் சுவாமி தன்னைச் சொந்த மகன்போல வைத்துப் பழக்கினவர் என்கிறார்."

கை தட்டினார்கள். சிலர் எழும்பி நின்று தட்டினார்கள். அப்பாவின் முகம் பூரித்துப்போனது. "பாத்தியே? விளங்கியிற்றுது அவங்களுக்கு!"

டொலறஸ் கிளாசை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ். பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

1991 அக்டோபர் 7

அடுத்த ஞாயிறு தான் மண்டலின் வாசிக்கப் போவதாக அப்பா காலையிலிருந்து கம்பிகளை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

மார்ட்டின் முதன்முதல் கேட்ட அன்று, "என் அப்பா கட்டின மெட்டு" என்றுதான் சொன்னேன். சத்தியமாக அதைத்தான் முதலில் சொன்னேன். "கொப்பர் ஐரிஷோ?" என்று எவனோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பும் இல்லை. மார்ட்டினும் சிரித்துவிட்டு, வேறு மெட்டுக்கு வில்லை எடுத்தான். அந்த வில் பிடிலைத் தொட முதல் எனக்கு ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.

ஹான்லன் சுவாமி என்று ஒருவர் இல்லை.