சோர்ச்சாவின் நேர்த்தியும் முட்டிச் சில்லும்

அன்பு மகள் சோர்ச்சாவுக்கு,

மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் வலது முழங்காலைத் தவிர அங்கே மற்றதெல்லாம் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். மழை விட்டபாடில்லை, புல் அறுக்க முடியாமல் அப்பா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறார்.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. ஆபரேஷன் செய்த ஜவ்வு நன்றாகப் பிடித்துவிட்டதென்று டாக்டர் சொன்னாராம், சந்தோஷம். ஆனால் படி இறங்கினால் சில்லுக்குப் பின்னால் மணல் அரைக்கிறது, கோயிலில் முட்டி போட்டால் கத்தியால் குத்துகிறது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், ஜூலையில் வந்து டெர்க் ஏரித் தீவுக்கு யாத்திரை போய் நேர்த்திக்கடனைத் தீர்க்கப்போகிறேன் என்கிறாயே. ஆபரேஷன் அன்று காலையில் நீ நேர்ந்துகொண்டது எனக்குப் பெருமைதான், ஆனால் மறுபடி பந்து விளையாடக் கால் வேண்டுமென்று கேட்டவள் அந்தக் காலையே கல்லில் தேய்க்கலாமா? மூன்று நாள் செருப்பில்லாமல் கூர்க்கல் வட்டங்களில் முட்டி போட்டுப் போட்டு எழ வேண்டும், நான் போயிருக்கிறேன், நல்ல முழங்காலே அழும். உனக்கோ சில்லுக்குக் கீழிருந்துதான் நார் எடுத்து உள்ளே தைத்திருக்கிறார்கள். தொடைச் சதை வற்றியதால் சில்லு நேராக ஓடவில்லை, முட்டி போடாதே என்று பிசியோதெரபிப் பெண் சொன்னதை நீதானே சொன்னாய். என் அக்கா மகள் நூலாவும் இப்படித்தான் அவசரப்பட்டாள், இப்போது காரிலிருந்து இறங்கக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவளைத் தூக்கிட்டு வர டிராக்டர்தான் அனுப்பணும், ஏரிக்குள்ள அது ஓடாதே என்று கேலி பேசினார், அப்புறம் சாப்பாட்டைத் தொடவில்லை. பூசை முடிந்து பாதர் கீலியிடம் கேட்டேன். ஏம்மா அட்ராக்டா, ஆண்டவர் அவ முட்டியைக் கேட்டாரா, நீங்களா ஏன் அவர் தலையில கட்டறீங்க, வீட்டுல வேற யாராச்சும் போனாப் போதும், நேர்த்தியை அவங்க பேருக்கு நான் மாத்தி வச்சுத் தர்றேன் என்றார்.

ஆகவே நான் போகிறேன், பெயரும் கொடுத்துவிட்டேன். கணக்கு எழுதும்போது ஒருவர் செலவை இன்னொருவர் பேரில் எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும், இந்த ஒரு தடவை உன் கடனை என் பேரில் எழுதுகிறேன். உன் பங்கும் இருக்கிறது. சலிப்பாக இருக்கிறதென்று விட்டுவிட்டாயே, காலை நீட்டித் தொடையை இறுக்கும் அந்தப் பயிற்சி, அதை அந்த மூன்று நாளும் ஜெபம் மாதிரிச் செய். இங்கே ஒவ்வொரு தடவை முட்டி போடும்போதும், அங்கே உன் கால் நீட்டியிருக்கிறது என்று நினைத்துத்தான் நான் எழுந்திருப்பேன்.

ஆண்டவர் உன்னை நேராக நடத்துவாராக. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்தே இரு, யார் திரும்பிப் பார்த்தாலும் வெட்கப்படாதே.

உன் முழங்காலையே நினைத்திருக்கும்,
அம்மா அட்ராக்டா