ஓல்ட்ஸ்மொபைலுக்கு ஓதிய துஆ

2005 மார்ச் 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ரிக்கவரி வண்டி வந்து எங்கள் ஓல்ட்ஸ்மொபைலை ஏற்றிப் போனது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் வண்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். முன்சீட்டு சோபாபோல ஒரே நீளம். இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"பிரிச்சுப் போடுறதுக்கா குடுக்கணும்?" என்று ஒரு மாதமாகத் தடுத்துவந்தேன். மெக்கானிக் முருகேசன்தான், "அக்கா, புது பார்ட்ஸ் இனி மாஃபி, கிடைக்கவே கிடைக்காது. இதைப் பிரிச்சா இதே மாதிரி இன்னும் மூணு வண்டி ஓடும்" என்றார். அதற்குத்தான் சம்மதித்தேன்.

அதை ஏற்றும்போது வழக்கம்போலப் பயண துஆ ஓதினேன்.

"ஓடாத வண்டிக்கா புள்ள?" என்று இவர் சிரித்தார்.

"இனிமே மூணு வண்டியா ஓடப்போகுதே" என்றேன்.

இவர் அஸர் பாங்கு வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.